நரம்பின் காயமும் வினைக் கணக்கும்

என் உத்தியோகக் காலம் முழுவதும் கைகால் விளங்காமல் போனவர்களோடுதான் கழிந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். ஒரு கூடத்தில் தொழுநோயால் விரல் மடங்கியவர்களும் கண்ணாடி கிழித்து மணிக்கட்டு நரம்பு அறுந்தவர்களும் இருப்பார்கள். அடுத்த கூடத்தில் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். எந்தக் கூடமானாலும், வந்த சில நாளிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். "நான் என்ன பாவம் பண்ணேன் மேடம்?" சிலர் வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். அவர்களுக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாமியாரோ பெரியப்பாவோ பதிலையே சொல்லிவிடுவார். "போன ஜென்மத்துக் கடன். கழிச்சுத்தான் ஆகணும்."

இந்தப் பதிலோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. நாத்திகம் பேச இதை எழுதவில்லை. தினம் திருநீறு இட்டுக்கொள்கிறவள் நான். பிறந்தது ஆடுதுறைக்குப் பக்கத்தில். சூரியனார் கோவில் தல புராணத்தைப் பாட்டி மடியில் படுத்துக் கேட்டு வளர்ந்தவள். அந்தக் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலவ முனிவருக்கு முன்வினையால் தொழுநோய் வரவேண்டியிருந்தது. அவர் நவக்கிரகங்களை நோக்கித் தவம் செய்தார். கிரகங்கள் மனம் இரங்கி, நோய் வராதபடி வரம் கொடுத்துவிட்டன. பிரம்மாவுக்குக் கோபம். வினைப்பயனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை, அதை மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று சபித்தார். நோய் கிரகங்களுக்கே வந்தது. அவை காவிரிக் கரையில் வெள்ளெருக்கங் காட்டுக்கு வந்து, திருமங்கலக்குடி பிராணநாதேஸ்வரரை வணங்கி, எருக்கிலையில் தயிர்சாதம் உண்டு, குணமடைந்தன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் விரதத்தைப் பற்றியும் எருக்கிலையைப் பற்றியும்தான் விரிவாகப் பேசுவார்கள். என் மனம் வேறோர் இடத்தில் நிற்கும். கணக்கைத் தீர்க்கவென்றே நியமிக்கப்பட்டவர்கள், எதிரே நிற்கும் நோயாளியைப் பார்த்ததும் கணக்கை மூடிவைத்துவிட்டார்கள். அதற்கான விலையைத் தங்கள் உடம்பிலேயே கொடுத்தார்கள். கடைசியில் சிவன் அவர்கள் பக்கம்தான் நின்றார். "கழிச்சுத்தான் ஆகணும்" என்று சொல்கிற பெரியப்பாவுக்கு நம் புராணத்திலேயே பதில் இருக்கிறது. ஆனாலும் புராணத்தோடு நான் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. காயம் பட்ட நரம்பு என்ன செய்கிறது என்பதை நிதானமாகப் பார்த்தால், இந்த வினைக் கணக்கை அதன்மேல் ஏற்றுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும்.

கையிலிருந்து தொடங்குகிறேன். ஆம்பூரிலிருந்து ஒரு பையன் வந்தான். ஜன்னல் கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் இறங்கியிருந்தது. நரம்பைச் சேர்த்துத் தைத்தாகிவிட்டது. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை தொட்டால் தெரியவில்லை. இப்படி வருகிறவர்களுக்கு நாங்கள் செய்யும் சோதனை மிக எளியது. தைத்த இடத்திலிருந்து நரம்பின் பாதையிலேயே விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு போவோம். ஓர் இடத்தில் அவன் கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. "இங்க சுரீர்ங்குது மேடம், விரல் வரைக்கும் ஓடுது." அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தழும்பிலிருந்து அளந்து சீட்டில் குறித்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துத் தட்டியபோது சுரீர் என்ற இடம் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. ஜூல் தினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915இல், முதல் உலகப்போரில் காயம் பட்ட சிப்பாய்களைப் பார்த்து எழுதிவைத்த சோதனை இது. நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்கிறது. எந்த ஸ்கேனும் இல்லாமல் ஒரு விரல் நுனியால் அதைக் கண்டுகொள்ளலாம்.

உள்ளே நடப்பது இன்னும் பெரிய காரியம். 1850இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கில் ஓடும் நரம்பை வெட்டி, நுண்ணோக்கியில் பார்த்தார். வெட்டுக்கு அப்பால் இருந்த இழை முழுவதும் சிதைந்து அழிந்தது. நரம்பணுவின் உடலோடு தொடர்பு அறுந்த இழை பிழைக்காது. ஆனால் அந்த அழிவு வீணாகப் போவதில்லை. இழையைச் சுற்றி உறை போட்டிருந்த ஷ்வான் அணுக்கள் தங்கள் பழைய வேலையையே விட்டுவிடுகின்றன. உறையைக் கழற்றுகின்றன. சிதைந்ததைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. ரத்தத்திலிருந்து துப்புரவு அணுக்களை அழைக்கின்றன. பெருகி, வரிசையாக நின்று, புதிய இழை பிடித்துக்கொண்டு போக ஒரு பாதை அமைக்கின்றன. வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்களையும் சுரக்கின்றன. எங்கோ கழுத்துத் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பணுவின் உடலும் மாறிவிடுகிறது. அது வீங்குகிறது, உட்கரு ஓரத்துக்கு ஒதுங்குகிறது. செய்தி அனுப்பும் வேலையைக் குறைத்துக்கொண்டு கட்டுமானப் பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. அறுந்தது மணிக்கட்டில் என்றாலும் சேதி கழுத்து வரை போய்விடுகிறது. பையன் நல்லவனா, அப்பாவோடு சண்டை போட்டுக் கோபத்தில் கண்ணாடியில் குத்தினானா என்று எந்த அணுவும் விசாரிக்கவில்லை.

அடுத்த கூடத்தில் கதை வேறு. முதுகுத்தண்டுக்குள்ளும் மூளைக்குள்ளும் அறுந்த இழை இப்படி வளர்ந்து வருவதில்லை. 1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் பல ஆண்டுகள் இதை வரைந்து வரைந்து பார்த்தார். அறுந்த இழைகள் கொஞ்சம் துளிர்விட்டு, முட்டி, வீங்கி, நின்றுபோவதை அவரே கண்டார். அவருடைய மாணவர் வழியில் வந்த பியோ தெல் ரியோ ஒர்தேகா 1919இல் மைக்ரோக்ளியா என்ற சிற்றணுக்களை அடையாளம் காட்டினார். மூளையின் காவல் அவற்றின் பொறுப்பு. சும்மா இருக்கும்போதும் அவை கைகளை நீட்டி நீட்டிச் சுற்றிலும் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்பது 2005இல்தான் உயிருள்ள எலியின் மூளையில் நேரடியாகத் தெரிந்தது. எங்காவது ஒரு நுண்ணிய காயம் பட்டால், சில நிமிடங்களில் நாலாபுறமிருந்தும் அந்தக் கைகள் அங்கே வந்து சேர்ந்து காயத்தைச் சூழ்ந்துகொள்கின்றன. அப்புறம் ஆஸ்ட்ரோசைட் என்னும் நட்சத்திர அணுக்கள் தடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நாள் போகப்போகக் காயத்தைச் சுற்றித் தழும்பாக நின்றுவிடுகின்றன.

இந்தத் தழும்பைத்தான் வெகுகாலம் எதிரி என்றார்கள். அறுந்த இழை அதில் முட்டி நிற்கிறது. தழும்பிலும், அங்கே கிடக்கும் பழைய உறையின் சிதைவிலும், வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. கையில் ஷ்வான் அணுக்கள் செய்யும் துப்புரவு இங்கே ஆமை வேகத்தில்தான் நடக்கிறது. 1981இல் மான்ட்ரியலில் சாமுவேல் டேவிடும் ஆல்பர்ட் அகுவாயோவும் ஒரு காரியம் செய்தார்கள். எலியின் காலிலிருந்து ஒரு துண்டு நரம்பை எடுத்து, மூளைத்தண்டுக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே பாலமாக வைத்தார்கள். வளராது என்று கைவிடப்பட்ட அதே இழைகள் அந்தத் துண்டுக்குள் புகுந்து சுமார் 3 சென்டிமீட்டர் வளர்ந்தன. வளரும் திறமை இழைகளிடம் செத்துப்போகவில்லை. அக்கம்பக்கம்தான் அவற்றை வளரவிடாமல் வைத்திருந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கடவுள்மேலேயே கோபம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். வழி இருந்தும் ஏன் அடைத்தாய்? மீன்தொட்டிக் கடையில் விற்கும் சின்ன வரிமீனுக்கு முதுகுத்தண்டை வெட்டினால் சில வாரங்களில் மறுபடி நீந்துகிறது. மானிடப் பிறவி அரிது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மீனுக்குக் கிடைத்தது, இருபது வயதில் மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை?

என் கோபத்துக்குப் பாதிப் பதில் 2004இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. எலிகளில் தழும்பு போடும் ஆஸ்ட்ரோசைட்டுகளை மட்டும் வேண்டுமென்றே அழித்துப் பார்த்தார்கள். தடை நீங்கியதே, நரம்பு வளர்ந்திருக்க வேண்டும். நடந்ததோ எதிர்மாறு. அழற்சி கட்டுக்கடங்காமல் பரவி, தப்பியிருந்த நரம்பணுக்களும் செத்தன. லேசாக அடிபட்டிருந்த எலிகளும் நடையை இழந்தன. கரை உடைந்த ஏரிக்கு ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக மணல்மூட்டை அடுக்குவதுபோல, தழும்பு மிச்சத்தைக் காப்பாற்றுகிறது. மூளை தன்னிடம் உள்ள பல கோடி இணைப்புகளை வாழ்நாளெல்லாம் பழகிப் பழகி அமைத்துக்கொண்டது. அங்கே இழைகள் நினைத்தபடி முளைத்தால் கற்றதெல்லாம் குலைந்துபோகலாம், வளர்ச்சித் தடை அதற்கும் ஒரு காப்பு என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இதை நான் நீதி என்று சொல்லமாட்டேன். மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு இது ஆறுதலும் ஆகாது. ஆனால் தண்டிக்கிற கையை இதில் எங்கே தேடினாலும் காணோம். இருப்பதை இழக்காமல் பிடித்துக்கொள்ளப் பதறுகிற ஓர் உடம்புதான் தெரிகிறது.

அந்தப் பதற்றமும் எல்லை மீறும். முதுகுத்தண்டில் முதல் அடியால் சாகிற அணுக்கள் கொஞ்சம். அதற்குப் பின் மணிக்கணக்கில், நாள்கணக்கில், வீக்கத்தாலும் நச்சு வெள்ளத்தாலும் அழற்சியாலும் சாகிறவை மிக அதிகம். தொழுநோயிலும் இப்படித்தான். அந்தக் கிருமி மிக மெதுவானது. ஷ்வான் அணுவுக்குள் குடிபுகுந்து பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். நரம்பை நசுக்குவதில் பெரும்பங்கு அதை எதிர்த்துப் பொங்கும் நம் உடம்பின் தற்காப்புக்குத்தான். உறைக்குள் நரம்பு வீங்கி, தானே தன்னை நெரித்துக்கொள்கிறது. புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொன்னதாகப் பாலி சூத்திரம் ஒன்று உண்டு. முதல் அம்பு வலி. அதற்காக மனம் புலம்பித் தனக்குத்தானே எய்துகொள்வது இரண்டாவது அம்பு. அவர் மனத்தைப் பற்றிச் சொன்னார். அணுக்கள் அளவிலேயே அந்த இரண்டாவது அம்பு இருக்கிறது என்பதை நான் வார்டில் கண்டேன். நாங்கள் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும், நரம்பு அசையாமல் இருக்கக் கட்டுகிற சிம்பும் இரண்டாவது அம்பைத் தடுக்கத்தான்.

வலியே இல்லாமல் போனால் நல்லதுதானே என்று கேட்பவர்கள், தொழுநோயில் உணர்ச்சி போன ஒரு காலை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். செருப்புக்குள் கிடந்த ஆணி பாதத்துக்குள் ஏறியது தெரியாமல் பகல் முழுவதும் நடந்து, ராத்திரி ரத்தக் கறையைப் பார்த்தபிறகு தெரிந்துகொண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்து, 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி தொழுநோய் நிலையத்தில் இறந்த ஒரு நோயாளியின் கைகால் நரம்புகளை இரவோடு இரவாகத் திறந்து பார்த்தவர். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று தோலுக்கு அருகே, குளிர்ச்சியான இடங்களில் மட்டும் நரம்பு தடித்திருந்தது. அப்படியானால் விரல்களை அழுகவைப்பது நோய் என்ற பழைய எண்ணம் நிற்காது. விரல்களைத் தின்றது காயம். அடுப்பில் சுட்டது தெரியவில்லை, பூட்டில் சாவியைத் திருகித் தோல் கிழிந்தது தெரியவில்லை. ராத்திரியில் எலி கடித்ததுகூடத் தெரியாமல் தூங்கினார்கள் என்று கண்டுபிடித்து, நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்.

பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இருந்தபோது அவரும் பொறியாளர்களும் செயற்கை வலி ஒன்றைச் செய்ய முயன்றார்கள். கையுறையிலும் செருப்பிலும் உணரிகள் வைத்து, அழுத்தம் மிஞ்சினால் ஒலி எழுப்பினார்கள். ஒலி எழுந்தாலும் நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை. பிறகு மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். செய்து முடிக்கவேண்டிய காரியம் கையில் இருந்தால் அவர்கள் இயந்திரத்தையே அணைத்துவிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நம் இஷ்டத்துக்கு அணைக்க முடியாதபடி இருப்பதால்தான் வலி வேலை செய்கிறது என்று பிராண்ட் எழுதினார். பக்தியுள்ள கிறிஸ்தவரான அவர் வலியைக் கடவுளின் கொடை என்றே சொன்னார்.

அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனாலும் அந்தச் சொல்லை அவர் அளவுக்கு என்னால் சொல்ல முடியவில்லை. முதுகுத்தண்டு முறிந்தவர்களில் பலருக்குத் தொட்டால் உணர்வில்லாத காலிலேயே தீப்பிடித்தாற்போல் எரிச்சல் இருக்கும். காக்கவேண்டிய எதையும் அந்த வலி காக்கவில்லை. அறுந்த பாதையில் நரம்பணுக்கள் தாறுமாறாக எழுப்பும் சத்தம் அது. அவர்களிடம் போய் இது கொடை என்று சொன்னால் அது பெரியப்பாவின் பதிலுக்கு எந்த வகையிலும் மேலானதில்லை. ஒரே வலி ஒருவருக்குக் காவலாகவும் இன்னொருவருக்கு வெறும் சித்திரவதையாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தத்துவத்துக்குள் அடக்க முயலும் எந்தச் சமயத்தையும் நான் நம்பவில்லை, என் சமயம் உட்பட.

சூலை நோய் தந்து அப்பரை ஆட்கொண்டார் என்பது பெரியபுராணம். எனக்கு உயிரான வரலாறு அது. ஆனால் அதைச் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். வலியை அனுபவித்தவரும் அவரைப் போற்றியவர்களும்தான் பின்னாளில் அதை அருள் என்றார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் வந்து விழுந்த தம்பியிடம் திலகவதியார் வினைக் கணக்கு வாசிக்கவில்லை. திருநீறு கொடுத்து, திருவதிகைக் கோவிலுக்குள் அழைத்துப்போனார். விவிலியத்தில் யோபுவின் நண்பர்கள் நீ பாவம் செய்திருப்பாய் என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதிடுகிறார்கள். முடிவில் கடவுளின் கண்டனம் அந்த நண்பர்கள்மேல்தான் விழுகிறது. தன் துன்பத்துக்கு ஒருவர் தானே பொருள் தேடிக்கொள்ளலாம், வினை என்றும் அருள் என்றும் சோதனை என்றும். அது அவர் உரிமை. அடுத்தவர் புண்ணுக்குப் பொருள் சொல்ல எனக்கோ உங்களுக்கோ அந்த உரிமை இல்லை.

மேரி வர்கீஸ் என்ற பெயரை வேலூரில் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். இளம் மருத்துவர். 1954இல் வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு நசுங்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிராண்ட் ஊக்கம் கொடுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றுக்கொண்டார். மைய நரம்பு அறுந்தவர், புற நரம்பு செத்தவர்களின் விரல்களைத் திறந்துவிட்டார். அந்த அறுவையில் நரம்பு வளர்வதில்லை. வேலை செய்யும் ஒரு தசைநாணை எடுத்து, செயலற்ற இடத்துக்கு மாற்றித் தைப்பார்கள். மோதிரவிரலை மடக்கும் நாண்களில் ஒன்று கட்டைவிரலுக்குப் போகும். கட்டுப் பிரித்ததும் எங்கள் வேலை தொடங்கும். "மோதிரவிரலை மடக்குறதா நினைச்சுக்கங்க" என்போம். நோயாளி நெற்றியைச் சுருக்கி நினைப்பார், கட்டைவிரல் அசையும். அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்காதவர் குறைவு. சில வாரம் கழித்து நினைக்கவே வேண்டியதில்லை. சோற்றைப் பிசைந்து எடுக்கும்போது கட்டைவிரல் தானாக எதிரே வந்து நிற்கும். வளர முடியாத மூளைக்குப் புதிதாகப் பழகிக்கொள்ள முடிகிறது. என் வாழ்நாளில் அருள் என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒன்றைக் கண்டேன் என்றால் இதுதான்.

வினைப்பேச்சு வீட்டுக்குள் மட்டும் நிற்கவில்லை. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. இந்த நோயைக் காரணம் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்ற விதி 2019 வரை நம் சட்டங்களில் இருந்தது. மருந்தால் முழுக்கக் குணமாகும் நோய் என்று ஆகிப் பல ஆண்டுகள் கழிந்தும் இந்த நிலை. பாவத்தின் அடையாளம் என்று பயந்து மறைத்துவைத்த தேமல்கள்தான் விரல் மடங்கிய பிறகு என்னிடம் வந்தன.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, அதில் தொட்டால் தெரியவில்லை என்றால், சுண்டுவிரல் மதமதத்தாலோ, கண்ணிமை சரியாக மூடாவிட்டாலோ, ஜோசியரிடம் போவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கோவிலுக்கும் போங்கள், நான் தடுக்கவில்லை. நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் அது மீள நல்ல வாய்ப்பு உண்டு. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அட்டை இந்தியா முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.